முகமூடியும் முகமும்

கொன்றவனுக்கு மாலை, கொல்லப்பட்டவனுக்குப் பெயர்கூட இல்லை! வெண்திரை உலகில் நெடுநாளாக நடந்துவரும் கணக்கு இது. கதாநாயகன் ஒருவன்; அவன் துப்பாக்கிக்கு இரையாகிறவர் பலர். விழுந்தவனுக்குத் தாய் உண்டா, தாரம் உண்டா, எந்த வறுமை அவனை அந்தக் கூட்டத்திலே கொண்டுவந்து சேர்த்தது — எவரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் கிடையாது. அவன் விழுந்து முடியுமுன் அடுத்தவன் விழுகிறான், கொட்டகை குலுங்குகிறது, கைத்தட்டல் கூரையைத் தொடுகிறது.

கலையை வெறுப்பவர்கள் அல்லர் நாம். மேடையையும் திரையையும் மக்களிடம் பேசும் கருவிகளாகக் கொண்ட மண் இது. படம் பார்ப்பதே பாவம் என்று உபதேசிக்கும் பழைய பண்டாரங்களின் பேச்சு நம்மிடம் எடுபடாது. பாருங்கள், களியுங்கள், ஆனால் பார்த்ததைப் பற்றி எண்ணிப் பாராமல் வீடு திரும்பாதீர்கள் — இவ்வளவுதான் நாம் இளைஞர்களை வேண்டுவது. கோயிலிலே கற்பூரம் காட்டும்போது கேள்வி கேட்கத் துணிந்தவர்கள், கொட்டகையிலே விளக்கு அணைந்ததும் கேள்வியையும் அணைத்துவிடலாமா?

2022-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வெளிவந்தது 'விக்ரம்' என்னும் படம். லோகேஷ் கனகராஜ் இயக்கியது. கமல்ஹாசன், விஜய் சேதுபதி, பகத் பாசில் ஆகியோர் நடித்தது. வெளிவந்த முதல் கிழமையிலேயே கடலூரில் ஒரு கொட்டகையில் அதை நாம் கண்டோம். உடன் வந்தோர், படிப்பகத்துக்கு வந்துபோகும் இளைஞர் ஐவரும், படையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும். வாயிலிலே வானளாவிய உருவப் பலகை, அதன் தலையிலே பால், எதிரே வெடி, தெருவெல்லாம் புகை. அபிஷேகம் கோயிலைவிட்டுக் கொட்டகைக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர, குடத்துப் பால் குழந்தையின் வாய்க்குப் போகவில்லை என்று எண்ணிக்கொண்டே உள்ளே நுழைந்தோம்.

கதை இதுதான். முகமூடி அணிந்த சிலர் அதிகாரிகளைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள். அவர்களைப் பிடிக்க, அரசின் பட்டியலிலேயே இல்லாத மறைமுகப் படை ஒன்று அமர்த்தப்படுகிறது. அதன் தலைவன் அமர். தேடிப் போனவன் கண்டறிவது வேறு. முகமூடிக் கூட்டத்தின் தலைவன், இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய ஒரு முதியவன். முன்னொரு காலத்தில் அரசே அமைத்த இரகசியப் படையின் தளபதி அவன். பயன்படுத்திய அரசு, பயன் தீர்ந்ததும் அந்தப் படையைக் கைவிட்டது, வேட்டையும் ஆடியது. எஞ்சிய சிலர் சமையற்காரியாகவும் சாதாரணக் குடிமக்களாகவும் ஒளிந்து வாழ்கின்றனர். போதைப் பொருள் கும்பல் ஒன்று தளபதியின் மகனைக் கொன்றதும், பழைய படை மீண்டும் எழுகிறது. முடிவில், பிடிக்க வந்த அமரும் முகமூடி அணிகிறான்.

திறமையான படம், மறுப்பதற்கில்லை. இருளும் செந்நிறமும் கலந்த காட்சிகளைக் கிரீஷ் கங்காதரன் படம் பிடித்திருக்கிறார். அன்பறிவ் இரட்டையர் அமைத்த சண்டைகள் கண் இமைக்க விடவில்லை. அனிருத்தின் இசை நாற்காலியை அதிரச் செய்தது. பொழுதெல்லாம் அடுப்படியில் நின்ற பணிப்பெண், பகைவர் வீட்டுக்குள் புகுந்ததும் படைவீரராகச் சீறி எழும் காட்சியிலே, நம் அருகிலிருந்த பெண்கள் எழுந்து நின்றே ஆரவாரித்தனர். அந்த மகிழ்ச்சியில் பொருள் உண்டு. அடுக்களையில் நிற்பவளை ஆளாக மதியாத சமுதாயத்தின் கன்னத்தில் விழுந்த அறை அது. ஆயினும் ஒரு கேள்வி: கத்தியை எடுத்தபின்தானா அவள் கண்ணுக்குத் தெரிகிறாள்? கரண்டி பிடித்த கைக்கு மதிப்பு இல்லையா?

படம் பெருவெற்றி பெற்றது. 1986-இல் இதே பெயரில், எழுத்தாளர் சுஜாதாவின் எழுத்திலும் ராஜசேகரின் இயக்கத்திலும் கமல்ஹாசன் நடித்த ஒற்றர் படத்தின் பாத்திரம்தான், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நரைத்த தாடியோடு திரும்பி வந்தது. அந்த விக்ரம் அரசின் ஏவலில், களவு போன ஏவுகணையைத் தேடிப் போனான். இந்த விக்ரம் அரசையே நம்பாதவனாக வருகிறான். இடையிலே ஓடிய காலம் மக்கள் மனத்தில் செய்த மாறுதலை இந்த ஒரு வேறுபாடே சொல்லிவிடுகிறது. நீதிமன்றம் தாமதிக்கும், காவல் நிலையம் விலைபோகும், பதவியிலிருப்போர் பங்கு கேட்பர் — எனவே முகமூடி அணிந்த ஒரு நல்லவன் வந்து எல்லோரையும் சுட்டுத் தள்ளட்டும்! இதுதான் இன்றைய ஏக்கம். ஏக்கத்துக்குக் காரணம் உண்டு; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மருந்து சரியா?

படம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது, இளைஞர் ஒருவர் படைவீரரான நம் நண்பரைக் கேட்டார்: "அண்ணே, நீங்களும் இப்படித்தான் சுட்டிருப்பீர்களா?" நண்பர் சிரித்தார். "தம்பி, அங்கே தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. சுடும் பயிற்சி முடிந்ததும் தரையிலே குனிந்து வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அன்று எங்களுக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. இந்தப் படத்திலே சுட்டதை எல்லாம் எண்ணிக் கொடுக்கச் சொன்னால், அந்தத் தளபதி ஆயுள் முழுதும் குனிந்தேதான் இருக்க வேண்டும்" என்றார். இளைஞர்கள் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பினுள்ளே ஒரு நாட்டின் அரசியல் சட்டமே அடங்கியிருந்தது. தோட்டாவுக்குக் கணக்கு கேட்பவன் ஒருவன் இருக்கிற வரையில்தான் அதற்குப் பெயர் படை. கணக்கு கேட்பவன் இல்லையென்றால், அதற்குத் தமிழிலே கூலிப்படை என்று பெயர்.

அந்த நண்பர் இன்று இரவுதோறும் பணப் பொறி அறையொன்றின் வாயிலில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். எல்லையிலே பனியில் நின்றவர், இப்போது கொசுக்கடியில் அமர்ந்திருக்கிறார். ஓய்வு பெற்ற வீரனின் உண்மைக் கதை இதுதான். அவன் வீட்டின் அடித்தளத்தில் ஆயுதக் கிடங்கு இல்லை. மகளின் படிப்புக்கு வாங்கிய கடன் சீட்டுத்தான் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கதையைப் படமாக்க எவரேனும் முன்வருவரா? வந்தாலும் பால்குடம் எடுப்பார் உண்டா?

பட்டியலில் இல்லாத படை என்பது திரைக்கதையில் சுவையானது. நாட்டு வாழ்விலோ நஞ்சு. நம் நாட்டில் 1984-இல் அமைக்கப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படைக்கு, 1986-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. கருஞ்சட்டை அணிந்து கயிற்றில் இறங்கும் அந்த வீரர்கள்கூட ஒரு சட்டத்தின் கீழேதான் இறங்குகிறார்கள். அமெரிக்க நாட்டின் ஒற்றர் துறை பிற நாட்டுத் தலைவர்களைக் கொல்லத் தீட்டிய திட்டங்களை 1975-இல் அந்நாட்டு மேலவைக் குழு ஒன்று தோண்டி எடுத்தது. செனட்டர் பிராங்க் சர்ச் அதன் தலைவர். மறுஆண்டே, அரசியல் கொலையில் அரசு ஊழியர் எவரும் ஈடுபடலாகாது என்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. வல்லரசுக்கே வெட்கம் தந்த செயல், வெண்திரையில் வீரமாகக் காட்டப்படுவது விந்தையல்லவா?

ஏன் நாம் கைதட்டுகிறோம்? காரணம் எளிது. கொல்லப்படுகிறவன் கொடியவன் என்பது நமக்கு முன்பே தெரியும். அவன் போதைப் பொருள் விற்றதைக் கண்டோம். குழந்தையின் தந்தையைக் கொன்றதைக் கண்டோம். இயக்குநர் நமக்குச் சாட்சியும் காட்டினார். தீர்ப்பும் எழுதிக் கொடுத்தார். எனவே தண்டனை நிறைவேறும்போது ஐயம் எழவில்லை. ஆனால், தோழர்களே, வாழ்க்கையில் அந்தப் படக்கருவி எங்கே இருக்கிறது? தெருவிலே பிடிபட்டவன் திருடனா அல்லனா என்பதை நமக்கு யார் முன்கூட்டியே காட்டினார்?

தொலைவுக்குப் போக வேண்டாம். இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த முதனைச் சிற்றூரில், 1993 மார்ச்சில் ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவர் நகைத் திருட்டுக் குற்றத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர்தாம் குற்றவாளி என்பதில் காவலர்க்கு ஐயமே இல்லை! அடித்தார்கள், அவர் மாண்டார். தப்பியோடிவிட்டார் என்று கதை கட்டினார்கள். அவருடைய மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறினார். வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். மறைக்கப்பட்ட உடல், அண்டை மாவட்டத்தில் ஆளறியாப் பிணமாகக் கிடந்தது வெளிப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் போராடிய பிறகு, 2006-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் காவலர்கள் தண்டனை பெற்றனர்.

அந்த வழக்கைத் தழுவி எடுக்கப்பட்டதுதான், த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' படம். 2021 நவம்பரில் வெளிவந்தது. வழக்கறிஞராக நடித்தவர் சூர்யா. ஏழு மாதங்கள் சென்றன. அதே சூர்யா 'விக்ரம்' படத்தின் இறுதியில் சில மணித்துளிகளே தோன்றினார் — ரோலெக்ஸ் என்னும் போதைக் கும்பல் தலைவனாக. தன் ஆளையே தலைவெட்டிச் சாய்க்கிறான். பகைவர் தலைக்கு விலை வைக்கிறான். அன்று கொட்டகையில் எழுந்த பெருமுழக்கம் எதற்குத் தெரியுமா? கதாநாயகனுக்கு அன்று, அந்தக் கொலைகாரனுக்கே! அடுத்த நாள் தெருவிலே சிறுவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவனைப் போலவே நடந்து காட்டினர். சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திய சூர்யாவைப் போல் எவனும் நடந்து காட்டவில்லை. நடிகரைக் குறை கூறவில்லை நாம். இரண்டையும் திறம்படச் செய்தார். கைதட்டிய கைகளைப் பற்றித்தான் கவலை.

அந்தக் கைகள் கொட்டகையோடு நின்றுவிடுகின்றனவா? இல்லை. 2019 டிசம்பர் 6-ஆம் நாள் ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவரைச் சீரழித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். மக்கள் திரண்டு வந்து காவலர்மீது மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதத்தில் வெளிவந்தது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற கதையை ஆணையம் ஏற்கவில்லை. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டனர் என்றது. மாண்டவருள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறியது. 'விக்ரம்' வெளிவந்தது அடுத்த இரண்டு கிழமைக்குள். படத்துக்காகத் திரண்ட கூட்டத்தில், அந்த அறிக்கையைப் பற்றி ஒரு வரியேனும் படித்தவர் எத்துணைப் பேர்?

பட்டியலோடும் சீருடையோடும் செல்லும் படைக்கே கடிவாளம் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு வாச்சாத்தி சான்று. 1992 ஜூனில் வனத்துறையினர், காவலர், வருவாய்த் துறையினர் சேர்ந்து தருமபுரி மாவட்டத்துப் பழங்குடிச் சிற்றூருக்குள் சந்தனக்கட்டை தேடப் புகுந்தனர், வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களின் மானத்தைச் சிதைத்தனர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தனர். 2023-இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. சீருடைக்குள்ளேயே இவ்வளவு நடக்குமானால், முகமூடிக்குள் என்னதான் நடவாது?

மறுகிழமை சிதம்பரம் சென்றோம். அண்ணாமலை நகரில் மாணவர் சிலருடன் மாலைப்பொழுதில் இந்தப் படத்தைப் பற்றியே பேச்சு. "ஐயா, சட்டம் சட்டம் என்கிறீர்கள். சட்டம் ஏழைக்குக் கிடைக்கிறதா? கிடைக்காதபோது சுடுகிறவனைக் கொண்டாடுவதில் என்ன தவறு?" என்று ஒரு மாணவி கேட்டார். நேர்மையான கேள்வி. மழுப்பாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

விடையை நாம் சொல்லவில்லை. பல்கலைக்கழக முகப்பில் நிற்கும் சிலையைக் காட்டினோம். இராசேந்திரன் என்னும் மாணவர். 1965 ஜனவரி 27-ஆம் நாள், மொழிக்காகத் திரண்ட மாணவர் ஊர்வலத்தின்மீது காவலர் சுட்டபோது இந்த மண்ணிலே சாய்ந்தவர். "அன்று சுட்டவன் கையிலும் துப்பாக்கி இருந்தது. எதிரே நிற்பவன் நாட்டுக்குப் பகைவன் என்றே அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கும். அந்தக் காட்சியை அன்றைய ஆட்சியின் பக்கம் நின்று படமாக எடுத்திருந்தால், நாயகன் யார்? வீழ்த்தப்படும் பகைவன் யார்? சுடுகிறவன் நல்லவனா என்று கேட்பதல்ல முறை. சுடுகிறவனைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பதே முறை. கேள்வி கேட்கும் உரிமையை முகமூடி முதலில் பறித்துவிடுகிறது. ஏழைக்குச் சட்டம் கிடைக்கவில்லையென்றால், சட்டத்தை ஏழையிடம் இழுத்துவர வேண்டும். அதைச் சுட்டு வீழ்த்தினால், முதலில் சாவது ஏழையே" என்றோம். மாணவி உடனே ஒப்பவில்லை. எண்ணிப் பார்க்கிறேன் என்றார். அதுவே போதும், எண்ணிப் பார்க்கும் ஒருவர், ஒப்புக்கொள்ளும் நூறு பேருக்குச் சமம்.

கொலைக்கு அழகு பூசுவது திரைப்படம் கண்டுபிடித்த கலையன்று. தில்லைக்கு அது பழைய கலை. ஆதனூர் நந்தன் தில்லைக்கு வந்தான், தீயில் மூழ்கினான், வேதியர் வடிவோடு எழுந்தான், உள்ளே சென்று மறைந்தான் என்கிறது புராணம். ஊருக்குள் நுழையவே உரிமை இல்லாத உழைப்பாளி ஒருவன் நெருப்பிலே இறக்கப்பட்டான்; பிறகு அவனைக் கண்டவர் இல்லை. இந்த இரண்டு வரிச் செய்தியைப் பக்தி என்னும் பட்டுத்துணியால் போர்த்தினால் அது திருவிளையாட்டு ஆகிவிடுகிறது! இசையும் ஒளியும் சேர்த்துவிட்டால் எரிந்த உடலின் நாற்றம் மூக்குக்கு எட்டாது. அன்று கற்பூர வெளிச்சம். இன்று வெண்திரை வெளிச்சம். அதே தில்லையில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக் கழகம் கண்டார். எரிக்கப்பட்டவன் பெயரிலே எழுத்தறிவித்தார்! பழிவாங்கல் என்றால் அதுவன்றோ பழிவாங்கல்!

இன்னொன்றையும் இளைஞர்கள் எண்ண வேண்டும். திரையிலே கொலைஞன் அயலான், முகம் தெரியாதவன், எங்கிருந்தோ வருகிறான். நம் மாவட்டத்தின் பெருங்கொலைக்கு முகமூடி தேவைப்படவில்லை. 2003 மே மாதம் கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் ஓர் இளைஞரும் பெண்ணும் மணம் புரிந்தனர். அவர் பொறியியல் பட்டதாரி, ஆதிதிராவிடர். அவள் வணிகவியல் பட்டதாரி, வேறு சாதி. இரண்டே திங்களில், ஜூலை 8-ஆம் நாள், புதுக்கூரைப்பேட்டையில் இருவரையும் பிடித்து, நஞ்சு புகட்டிக் கொன்று, எரித்தனர். கொன்றவர் யார்? பெண்ணின் தந்தை, அண்ணன், உறவினர். பட்டப்பகல், ஊர் பார்த்திருந்தது. வழக்கை மூடி மறைக்க முயன்றவர் காவலர்.

18 ஆண்டுகள் சென்றன. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம், காவல்துறையினர் இருவர் உட்பட 13 பேரைத் தண்டித்தது. அண்ணனுக்குத் தூக்கு விதித்தது. 'விக்ரம்' ஓடிக்கொண்டிருந்த அதே 2022 ஜூனில், உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றி, பெரும்பாலோர்க்குத் தண்டனையை உறுதி செய்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரு பக்கம் கொட்டகையில் கற்பனைக் கொலைக்குக் கடலூர் இளைஞர் ஆரவாரம். மறுபக்கம் கடலூரின் உண்மைக் கொலைக்கு நீதி. எது பெரிய செய்தியாயிற்று? எதற்கு வெடி வெடித்தார்கள்? அந்த இளம் இணையரைக் காக்க எந்த முகமூடி வீரனும் வரவில்லை. 22 ஆண்டுகள் விடாது படியேறி இறங்கிய பெற்றோரும், அச்சமின்றி உடன் நின்ற வழக்கறிஞர்களுமே அந்த நீதியைப் பெற்றுத் தந்தனர். அவர்களுக்கு உருவப் பலகை ஏது? பின்னணி இசை ஏது?

போதையை ஒழிக்கத்தான் கொல்கிறான் கதாநாயகன் என்பர். பேரப்பிள்ளை வாழும் உலகம் போதையற்றதாக இருக்கட்டும் என்பது அவன் விருப்பம், நல்ல விருப்பம். ஆனால் போதை இரண்டு பெட்டகத்துக்குள் அடைபட்டிருக்கும் பொருளா, வெடிவைத்தால் தீர்ந்துபோக? 2024 ஜூனில் அண்டை ஊரான கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் குடித்தது. மாண்டவர் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். அங்கே முதுகு ஒடிக்கும் உழைப்பு, மலிவாய்க் கிடைத்த மெத்தனால் கலந்த பை, கண்ணை மூடிக்கொண்ட அதிகாரம் — இவை மூன்றும் கூடியே கொன்றன. இம்மூன்றையும் சுட எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இல்லை. கூலி உயர வேண்டும், கண்காணிப்பு வேண்டும், கையூட்டு வாங்கியவன் கூண்டில் ஏற வேண்டும். இதில் சண்டைக் காட்சி இல்லை; எனவே சுவை இல்லை. ஆனால் உயிர் இதில்தான் இருக்கிறது.

கடலூர்க்காரர்க்குத் துப்பாக்கியின் நியாயம் புதிதன்று. 1690-இல் ஆங்கிலக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். எல்லை எவ்வளவு? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தொலைவு வரை எம்முடையது என்று ஊர்களை வளைத்துக்கொண்டனர். அவ்வாறு அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் அந்தக் கதையைச் சுமந்து நிற்கிறது. குண்டு பாயும் தூரமே சட்டம்! திரையில் தளபதி பெரும் சுடுகருவியை இயக்கும்போது ஆர்ப்பரிக்கும் கடலூர்த் தம்பிமார், தம் ஊர்ப் பெயரின் முதற் சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்க்கட்டும்.

அந்தக் கோட்டைக்காரர் ஆட்சியை எதிர்த்தவர்களுள் ஒருவர் இதே கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலை அம்மாள். 1857-இல் கொடிய கொலைகள் புரிந்த நீல் என்னும் படைத்தளபதிக்குச் சென்னையில் சிலை வைத்திருந்தனர். கொலைகாரனுக்கு வீதியில் சிலையா என்று 1927-இல் போராட்டம் மூண்டது. அஞ்சலை அம்மாள் கருவி ஏந்திச் சென்று அந்தக் கல்லைத் தாக்கினார். சிறை சென்றார், சிறுமியான மகளும் சிறை சென்றாள். மனிதரைத் தொடவில்லை, முகத்தை மறைக்கவில்லை, தப்பி ஓடவில்லை. செய்தது நாமே என்று சொல்லி நின்றார். பின்னர்ச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். வீரம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

திரைத்துறையிலும் நம்பிக்கை தரும் அறிகுறி இல்லாமற் போகவில்லை. 'ஜெய் பீம்' எடுத்த அதே ஞானவேல், 2024 அக்டோபரில் வெளிவந்த 'வேட்டையன்' படத்தில், ரஜினிகாந்தையே காவல் அதிகாரியாக நிறுத்தி, விரைந்து சுடும் நீதியால் குற்றமற்றவன் மாள்வதைக் காட்டினார். குறைகள் உண்டு, எனினும் கேள்வி எழுப்பப்பட்டது. கைதட்டுகிற இரசிகன் கேள்வியையும் வரவேற்கத் தொடங்கினால், இத்தகைய படங்கள் இன்னும் வரும்.

இளைஞர்களே! படிப்பகந்தோறும் ஒரு சிறு செயலைத் தொடங்குங்கள். ஒரு மோதல் படம் பார்த்தால், அடுத்த ஞாயிறு ஒரு தீர்ப்பைப் படியுங்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். வீட்டாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்கிறது டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளை. மோதல் சாவு ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிந்து தனி விசாரணை நடத்த வேண்டும் என்கிறது 2014-இல் அதே மன்றம் தந்த நெறிமுறை. இவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். உழவனுக்கும் கூலிக்காரனுக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் சேரியில் ஒருவரை இரவில் ஊர்தியில் ஏற்றிச் சென்றால், பத்துப் பேர் சேர்ந்து காவல் நிலைய வாயிலில் நின்று, அவர் எங்கே என்று கேளுங்கள். 1993-இல் கம்மாபுரத்தில் அப்படிப் பத்துப் பேர் கேட்கும் நிலை இருந்திருந்தால், ஒரு குடும்பம் விளக்கை இழந்திருக்காது.

படத்தைப் பாருங்கள், நடிப்பைப் போற்றுங்கள், இசைக்குத் தாளம் போடுங்கள். ஆனால் திரையில் ஒருவன் விழும்போது, அவன் குற்றவாளி என்று யார் சொன்னது என உங்கள் உள்ளம் ஒருமுறை கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கொட்டகையில் பழகியவன், தெருவில் மறக்கமாட்டான். முகமூடி அணிந்த மீட்பன் எவனும் நமக்கு வேண்டா. முகம் காட்டி, பெயர் சொல்லி, கணக்குக் கேட்கும் மக்கள் வேண்டும்.